குதிரை கட்ட நிலம் பார்ப்பது

திண்டுக்கல் சமவெளியில் நிலம் பார்க்கச் சரியான மாதம் சித்திரை. கார்த்திகை மழை முடிந்த கையோடு புரோக்கர் உங்களைக் காரில் ஏற்றிக் கூட்டிப்போவார். ஓடையில் தண்ணீர் ஓடும், கிணறு மேலே கிடக்கும், வரப்பெல்லாம் புல் நிற்கும். அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். வேடசந்தூர் பக்கமோ வடமதுரை பக்கமோ அதே காட்டை நாலு மாதம் கழித்துப் பார்த்தால், செம்மண்ணும் சீமைக்கருவேலமும் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் கோலத்தில் பார்த்தும் பிடித்திருந்தால் மேலே பேசலாம்.

பயிர் வைக்க நிலம் வாங்குகிறவருக்கு இந்தக் கண்டிப்பு தேவையில்லை. ஒரு பட்டம் மழை பொய்த்தால் தரிசு போட்டுவிட்டு அடுத்த பட்டத்துக்குக் காத்திருப்பார். லாயத்தில் நிற்கும் குதிரைக்குத் தரிசு கிடையாது. தினமும் குடிக்கும், தினமும் தின்னும், வைகாசிக் கத்திரியில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். ஆகவே விவசாயத்துக்கு நல்ல நிலம் என்று ஊரே சொல்வது, மிருகம் வளர்க்க நல்ல நிலம் ஆகிவிடாது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

தண்ணீர்

வளர்ந்த குதிரை நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். மட்டக்குதிரைக்கு இதைவிடக் குறைவு, வேலை வாங்கினால் கூடுதல். மூன்று குதிரைக்கு நூற்றைம்பது லிட்டர் என்று வைத்தால் பயமில்லாத கணக்காகத் தெரியும். ஏமாற்றுவது தீவனக் கணக்கு. ஒரு ஏக்கர் புல்லுக்கு 5 செ.மீ. உயரம் நிற்க ஒரு தடவை பாய்ச்சினால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் போய்விடும். சொட்டுநீர் போட்டால் குறையும், அவ்வளவுதான். குதிரை குடிக்கிற தண்ணீரை மட்டும் கணக்குப் போட்டு நிலம் வாங்கியவர்கள் கோடை முழுக்க வைக்கோல் லாரிக்குக் காசு கட்டுகிறார்கள்.

கிணறு என்றால் மோட்டாரைக் காலையில் போடச் சொல்லி, ஆறு மணி நேரம் விடாமல் ஓடவிடுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்துகொள்ளுங்கள். மறுநாள் காலை போய் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். இறைக்கிற வேகத்தைவிட ஊற்றுதான் முக்கியம். போர் என்றால் இங்கே பெரும்பாலும் கெட்டிப்பாறைக்குள் வெடிப்பில் கிடைக்கிற தண்ணீர். முதல் அரைமணி ‘ரெண்டு இன்ச்’ கொட்டும், அப்புறம் விட்டு விட்டு வரும். அரைமணி பார்த்துவிட்டுத் தலையாட்டினால் அது உங்கள் தலைவிதி. பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை போர் போட்டார்கள், எத்தனை புகையாகப் போனது என்பதை விற்கிறவரிடம் கேட்காதீர்கள். டீக்கடையில் கேளுங்கள்.

இன்னொன்று. கிணறு முழுதும் விற்கிறவருக்குச் சொந்தமா, பாகமா? அண்ணன் தம்பி பாகம் பிரித்த தோட்டங்களில் கிணறு பிரியாது. ‘கிணற்றில் நாலில் ஒரு பாகம், நாலு நாளைக்கு ஒருநாள் முறைத்தண்ணீர்’ என்று பத்திரத்தில் இருக்கும். பயிருக்கு அது போதும். குதிரைக்கு மற்ற மூன்று நாளும் தண்ணீர் வேண்டுமே! பாகக் கிணறு உள்ள நிலம் வேறு எல்லா வகையிலும் பிடித்திருந்தால், பெரிய தொட்டி கட்டும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அதிலும் பாகம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். ஆனால் ஆள் வைத்து, சவாரிக்குக் கட்டணம் வாங்குவதாக உங்கள் யோசனை இருந்தால் அது வணிகம். அந்த இணைப்பை அதற்கு இழுக்கக்கூடாது.

தண்ணீர் இருக்கிறதா என்பதோடு எப்படிப்பட்ட தண்ணீர் என்பதும் இந்த ஊரில் பெரிய கேள்வி. திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். மதுரை சாலை, வத்தலக்குண்டு சாலை, பொன்மாந்துறை பக்கம் பதனிடும் ஆலைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வருவதற்கு முன் நிலத்தில் இறங்கிய உப்பு இன்னும் பல கிணறுகளில் உட்கார்ந்திருக்கிறது. நகரத்துக்குக் கிட்ட, சாலையோரமாக, விலையும் மலிவாக ஒரு நிலம் கிடைக்கிறது என்றால், முதல் சந்தேகம் தண்ணீர் மேல் இருக்கட்டும். மாவட்டத்தின் வேறு சில பகுதிகளில் ஃபுளோரைடு கூடுதல். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் தெரிந்துவிடும். கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. 3,000 வரை கால்நடை சமாளிக்கும், புதிதாக வந்த குதிரைக்கு ஆரம்பத்தில் வயிறு இளகலாம். அதற்கு மேல் என்றால் வேறு நிலம் பாருங்கள்.

கோடையில் பார்க்கச் சொன்னேனே, மழையில் ஒரு தடவையும் பார்க்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். குடகனாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஆறு. ஆனால் அதன் குறுக்கே வேடசந்தூர் அருகே கட்டிய அணையே 1977 வெள்ளத்தில் உடைந்திருக்கிறது. ஓடைக்குள் லாயம் கட்டிவிடாதீர்கள் என்று சொல்ல இந்த ஒரு சம்பவம் போதும்.

மண்ணும் முள்ளும் புல்லும்

குதிரையின் காலுக்குச் செம்மண் நல்லது, தண்ணீர் நிற்காது. கரிசல் மழையில் சேறாகிக் குளம்பை அழுக வைக்கும், கோடையில் வெடித்துக் காலை முறிக்கும். செம்மண் என்றாலும் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். ஒரு அடிக்குக் கீழே சுக்கான் தட்டினால், தூண் நடவும் மரம் வைக்கவும் குழிக்குக் குழி செலவாகும்.

சீமைக்கருவேலத்தை ஜே.சி.பி. வைத்து ஒரே நாளில் தள்ளிவிடலாம் என்பார்கள். மரம் போகும், முள் போகாது. மண்ணில் புதைந்த முள் இரண்டு மழை வரைக்கும் குளம்பில் ஏறும். ஆணியோ முள்ளோ குத்திய இடத்தில் வருகிற ரணஜன்னி குதிரைகளைக் கொல்வதில் முன்னணியில் நிற்கும் நோய். தடுப்பூசி உண்டு, தவறாமல் போடவேண்டும். அந்த மரத்தின் காய் இனிக்கும் என்று குதிரை அளவில்லாமல் தின்று வயிறு கட்டி உருளுவதும் நடக்கும்.

வேலியோரத்தில் அரளி இருக்கிறதா என்று தனியாக ஒரு நடை நடந்து பாருங்கள். நிலக்கோட்டைப் பூச்சந்தையைச் சுற்றிப் பூவுக்காகவே அரளி பயிர் செய்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கழித்துப்போட்ட அரளிக்குச்சி உங்கள் வேலிக்குள் விழுந்து காய்ந்து கிடந்தாலும் விஷம் போகாது. கொஞ்சம் இலையே ஒரு குதிரைக்குப் போதும். ஊமத்தை, ஆமணக்கு முத்து, தண்ணீரில்லாமல் வாடிய இளஞ்சோளம் எல்லாம் இதே பட்டியல்.

ஒட்டன்சத்திரம், பழனி, வேடசந்தூர் மேற்குப் பக்கம் போனால் கொரங்காடு பார்க்கலாம். கிளுவை வேலி சூழ, நடுவில் வெள்வேல மரங்கள் நிற்க, தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடும் செம்மறியும் தலைமுறைகளாக மேய்ந்து வளர்ந்த காடு அது. மழை ஒன்றிரண்டு பெய்தால்கூடத் துளிர்க்கும். உழுது கெடுக்காத கொரங்காடு ஒன்று விலைக்கு வந்தால், மேய்ச்சலுக்கு என்று நம் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான நிலம் இல்லை என்பது என் கட்சி. வாங்குகிறவர் முதல் வேலையாக வேலிக் கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பி போடுவார், அதைத்தான் தாங்க முடிவதில்லை.

ஆனாலும் மாட்டுக்குச் சரி என்பதெல்லாம் குதிரைக்குச் சரியல்ல. கொழுக்கட்டைப் புல்லிலும், எல்லோரும் போடுகிற கம்பு நேப்பியர் புல்லிலும் ஆக்சலேட் கூடுதல். மாட்டின் இரைப்பை அதைச் சமாளித்துவிடும். குதிரைக்கு அது உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். மாதக்கணக்கில் அதையே தின்ற குதிரைக்கு முக எலும்பு வீங்கும், கால் நொண்டும். அதனால் நிலத்தில் ஒரு துண்டாவது குதிரைமசால் போட வசதி இருக்கிறதா பாருங்கள். பெயருக்கேற்ற தீவனம், சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் அதற்கு வடிகால் உள்ள மண்ணும், உப்பில்லாத தண்ணீரும் வருஷம் முழுக்க வேண்டும். 300 கிலோ எடையுள்ள நாட்டுக்குதிரைக்கு நாளைக்கு ஆறு கிலோ உலர்தீவனம், பச்சையாக என்றால் முப்பது கிலோ வரை. மானாவாரிக் காட்டை நம்பி இரண்டு ஏக்கருக்கு ஒரு குதிரைக்கு மேல் நான் கட்டமாட்டேன். அதிலும் பாதித் தீவனம் வெளியிலிருந்துதான் வரும்.

வேலிக்கு முள்கம்பி வேண்டாம். மாடு முள்கம்பியைப் பார்த்து விலகும். மிரண்ட குதிரை அதற்குள் பாய்ந்து தோலைக் கிழித்துக்கொள்ளும். கல்தூண் நட்டு வலை கட்டலாம், அல்லது கண்ணுக்குத் தெரிகிறமாதிரி மரக்கழி குறுக்கே கட்டலாம்.

பாதை

இந்தச் சமவெளியில் விலை பேசி முடிந்தபிறகு அதிகம் உடைந்துபோகிற சமாச்சாரம் இதுதான். விற்கிறவரின் அப்பா காலத்திலிருந்து வண்டி போய்க்கொண்டிருக்கும். ஆனால் பத்திரத்தில் பாதை இருக்காது. அவர் பங்காளி என்பதால் விட்டார்கள், உங்களை விடவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தில் வண்டிப்பாதை வரைந்திருக்கிறதா, அந்தப் பாதை தாருரோடு வரை அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இடையிலுள்ள நிலத்துக்காரரிடம் பாதை உரிமையைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து தரச்சொல்லுங்கள். எத்தனை அடி அகலம் என்று எழுத மறக்கக்கூடாது. ‘நடை’ என்று மட்டும் எழுதிய பாதையில் தீவன லாரி வராது. ராத்திரி வயிற்றுவலியில் புரளும் குதிரையை ஏற்ற வண்டியும் வராது.

வேலிக்குள் புறம்போக்கையும் சேர்த்துக் காட்டுவது வழக்கமான வித்தை. ‘சேர்ந்தாற்போல் அரை ஏக்கர் ஓடைப் புறம்போக்கு இருக்கு, நீங்களே அனுபவிச்சுக்கலாம்’ என்பார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அதன்மேல் கட்டவும் செய்யாதீர்கள்.

காகிதம்

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று என்று வரிசையாகக் கேட்க எல்லோருக்கும் தெரியும். இதில் இரண்டு மூன்று இடங்களில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

முதலாவது, பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட். பத்திரத்தில் ஏக்கர்க் கணக்கு ஒன்று, பட்டாவில் ஹெக்டேர்க் கணக்கு வேறு, தரையில் அளந்தால் மூன்றாவது ஒன்று என்று இருப்பது சகஜம். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுப் பதிவுகளில் பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் பல. அளந்து கல் போட்ட பிறகே விலை. அதுவும் சென்ட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள், மொத்தமாகப் பேசாதீர்கள்.

இரண்டாவது, வில்லங்கம். பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியது கிடைக்கும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேடவேண்டும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில். அதற்கு முந்திய மூலப்பத்திரம் எல்லாம் மதுரை மாவட்டம் என்றிருக்கும். அப்புறம் கொஞ்ச காலம் அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று தலைவர்கள் பெயரும் ஏறி இறங்கியிருக்கின்றன. மாவட்டப் பெயர் வேறாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தில் கிராமம் எந்தச் சார்பதிவு அலுவலகத்தில் இருந்ததோ அங்கேயும் தேடியாக வேண்டும். கன்னிவாடி போன்ற பழைய ஜமீன் கிராமங்களில், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ரயத்துவாரிப் பட்டா யாருக்குக் கொடுத்தார்கள் என்பதிலிருந்து சங்கிலி ஆரம்பிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய பள்ளம்: கூடப்பிறந்த பெண்கள். பட்டா நாலு அண்ணன் தம்பி பெயரில் இருக்கும், நாலு பேரும் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பார்கள். கல்யாணமாகிப் போன தங்கச்சி பெயர் எங்கும் இருக்காது. கேட்டால், ‘அதுக்கு நகை போட்டு அனுப்பிட்டோம், கேட்காது’ என்பார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டம் முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற தகராறையும் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். வாய்ப்பேச்சில் பிரித்தோம் என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வாரிசுச் சான்றை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் நேரில் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. அண்ணன் பேச்சுக்கும் தங்கை பேச்சுக்கும் உள்ள தூரம் அப்போது தெரியும். உடன்பாடு என்றால் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போடட்டும்.

விலை ரொம்பக் குறைவாக இருந்தால் நிலத்தின் வகையைப் பாருங்கள். 1892 அரசாணையின் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலத்தை மற்றவர் வாங்க முடியாது. வினோபா 1956-57-இல் தமிழ்நாட்டில் நடந்தபோது வத்தலக்குண்டு வட்டாரம் பூமிதான இயக்கத்துக்குப் பேர்போனது. அப்படிக் கொடுக்கப்பட்ட நிலத்தையும் விற்கக்கூடாது. கோயில் நிலம், வக்ஃபு நிலம், நிபந்தனைப் பட்டா எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘ஏ’ பதிவேட்டைக் கேட்டால் வகை தெரியும். வெறும் பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிலத்தையே விற்றதாகச் சொன்னால், அப்படி உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியாகிவிட்டது.

‘ஃபார்ம் லேண்ட், இருபது சென்ட், கேட் போட்ட கம்யூனிட்டி, குதிரை லாயம் இலவசம்’ என்ற விளம்பரங்களைப் பற்றி ஒரே வரி: இருபது சென்ட்டில் குதிரை வளர்க்க முடியாது, அங்கீகாரமில்லாத மனைப்பிரிவாக இருந்தால் வீடு கட்டவும் முடியாது.

பதிவுச் செலவு தற்போது வழிகாட்டி மதிப்பிலோ கிரயத் தொகையிலோ எது கூடுதலோ அதில் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். இதைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அக்கம்பக்கம்

சிறுமலை அடிவாரம், கன்னிவாடி, அய்யலூர் பக்கம் நிலம் குளிர்ச்சியாக இருக்கும், காட்டுமாடும் காட்டுப்பன்றியும் கூடவே வரும். கன்னிவாடிப் பக்கம் யானையும் இறங்கும். பன்றிக்குப் பயந்து பக்கத்துத் தோட்டத்தில் திருட்டுத்தனமாகக் கரண்ட் கம்பி கட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். அவிழ்ந்து ஓடிய குதிரையும் அதைத் தேடிப்போன ஆளும் அதில்தான் மாட்டுவார்கள். அய்யலூருக்கு வடக்கே 2022-இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்புக்கு விரிந்திருக்கிறது. காட்டெல்லையை ஒட்டிய சர்வே எண் என்றால் வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

கல்குவாரி வெடிச் சத்தம் கேட்கிற தூரத்தில் குதிரை கட்டாதீர்கள். உயர் அழுத்த மின்கம்பி மேலே போனால் அதன் கீழே கொட்டகை போட முடியாது.

ஆள் கிடைப்பாரா என்பதும் நிலத்தைச் சேர்ந்த கேள்விதான். மாட்டுக்கு லாடம் அடிக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. குதிரைக் குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிடத் தெரிந்தவர் அபூர்வம். சிறுமலையில் இன்றும் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு வருகின்றன. அந்தக் குதிரைக்காரர்களோடு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகமும், இது உட்பட, சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். சாதாரண நோய்க்குப் பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகம் போதும். அறுவை சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகவேண்டி வரலாம். அந்தத் தூரத்தை ராத்திரியில் ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள்.

பிறகு குதிரை

நிலம் கிரயமாகி, பட்டா மாறி, வேலியும் தொட்டியும் முடிந்து, ஒரு கோடை கழிந்த பிறகு குதிரை பார்க்கப் போகலாம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக்குதிரை எல்லாம் வந்து நிற்கும். அங்கே முதலில் சுழி பார்ப்பார்கள். சுழிக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நீங்கள் திருப்பி விற்கும்போது சுழி சரியில்லை என்று விலையைக் குறைப்பார்கள். அதனால் நீங்களும் அதைச் சொல்லிக் குறைத்து வாங்கலாம். பல்லைப் பார்த்து வயது கணியுங்கள். கெட்டித்தரையில் நடக்கவிட்டு, வட்டமாக ஓடவிட்டுத் தலை ஆட்டத்தைக் கவனியுங்கள். நொண்டும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். முடிந்தால் சந்தையில் பிடித்துப்போனதை அதன் சொந்த லாயத்தில், விடியற்காலையில், சேணம் போடும் முன் மறுபடி பாருங்கள்.

மூக்கு ஒழுகுகிறதா, தோலில் கட்டிகள் உண்டா என்பதை மருத்துவரை வைத்துப் பார்க்க வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற தொற்று இருந்தால் சிகிச்சை கிடையாது, சட்டப்படி குதிரையைக் கொன்று புதைக்க வேண்டியதுதான், மனிதருக்கும் தொற்றும். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். அதன் முடிவு கைக்கு வரும்வரை முழுப்பணத்தைக் கொடுக்காமல், குதிரையை விற்கிறவர் லாயத்திலேயே விட்டுவையுங்கள்.